சுங்கை பூலோவுக்கு வரும் பறவைகளும் சலீம் அலியும்: என்ன தொடர்பு?

சனிக்கிழமை காலை தேக்காவில் பசியாறிவிட்டு எம்ஆர்டி ஏறுங்கள். கிராஞ்சியில் இறங்கிப் பேருந்து பிடித்தால், சுங்கை பூலோ சதுப்புநில வனப்பகுதிக்குப் போய்விடலாம்.

செப்டம்பரிலிருந்து மார்ச் வரை அங்கே ஒரு கூட்டம் சேற்றில் நின்று மும்முரமாகச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும். நீண்ட அலகு, குச்சி போன்ற கால்கள், மண் நிற உடல். முதல் பார்வையில் பெரிதாக ஒன்றும் தோன்றாது. கைத்தொலைபேசியில் ஒரு படம் எடுத்துவிட்டு நகர்ந்துவிடுவோம்.

ஆனால் அவை எங்கிருந்து வந்திருக்கின்றன தெரியுமா? சைபீரியா, சீனா, திபெத் பீடபூமி. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தூரம். கடப்பிதழ் இல்லை, விசா இல்லை, வழிகாட்டச் செயலியும் இல்லை.

இதெல்லாம் நமக்கு எப்படித் தெரிய வந்தது? பறவையின் காலில் மாட்டிய ஒரு சின்ன உலோக வளையத்திலிருந்துதான் அந்தக் கதை தொடங்குகிறது. இந்தியாவில் அந்த வேலையைப் பெரிய அளவில் நடத்திக்காட்டியவர் சலீம் அலி. பறவைகளை ஆராய்வதில் உலகப் புகழ் பெற்றவர். 1987-ல் காலமானார்.

அவருடைய வாழ்க்கையை இன்று ஏன் திரும்பிப் பார்க்க வேண்டும்? வலசைப் பறவைகள் தங்கும் ஈரநிலங்களை ஒரு ஆளோ ஒரு நாடோ தனியாகக் காப்பாற்ற முடியாது. அதை அவர் செய்த சாதனைகளும் சொல்கின்றன, செய்த பிழையும் சொல்கிறது.

முதலில், வலசை என்றால் என்ன?

வடக்கே கோடைக்காலத்தில் பூச்சிகள் ஏராளம், பகலும் நீளம். குஞ்சு பொரிக்க அதுதான் நல்ல நேரம். குளிர் வந்ததும் நிலம் உறைந்துவிடும், இரை கிடைக்காது. அதனால் பறவைகள் தெற்கே வெப்பமான இடங்களுக்கு வருகின்றன. குளிர் முடிந்ததும் திரும்பிப் போகின்றன. இந்தப் போக்குவரத்துதான் வலசை.

சிங்கப்பூரிலிருந்து காரில் பினாங்கு போகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். வழியில் நிறுத்திச் சாப்பிடுவோம், பெட்ரோல் போடுவோம், கொஞ்சம் காலை நீட்டுவோம் இல்லையா? பறவைகளுக்கு அந்த நிறுத்தங்கள்தான் சேற்றுப்படுகைகளும் ஏரிகளும் சதுப்புநிலங்களும். புழு, நத்தை, சிறு நண்டு ஆகியவற்றைத் தின்று உடம்பில் கொழுப்பைச் சேர்த்தால்தான் அடுத்த கட்டம் பறக்க முடியும்.

வழியில் ஒரே ஒரு நிறுத்தம் மூடப்பட்டாலும் பயணம் கெட்டுவிடும். நீங்கள் உங்கள் ஊர்ச் சதுப்புநிலத்தை எவ்வளவு நன்றாக வைத்திருந்தாலும், இன்னொரு நாட்டில் அதன் அடுத்த நிறுத்தம் காணாமல்போனால் உங்களிடம் வரும் பறவைகளும் குறைந்துவிடும். சிக்கலின் வேர் இதுதான்.

ஒரு சிட்டுக்குருவியால் மாறிய வாழ்க்கை

சலீம் அலி 1896 நவம்பர் 12-ல் பம்பாயில் பிறந்தார். பத்துப் பிள்ளைகளில் கடைசிப் பிள்ளை. ஒரு வயதில் அப்பா இறந்துவிட்டார். மூன்று வயதில் அம்மாவும் போய்விட்டார். தாய்மாமா அமிருதீன் தயாப்ஜியும் அத்தை ஹமீதா பேகமும்தான் அவரை வளர்த்தார்கள்.

அந்தக் காலத்து வசதியான வீட்டுப் பையன்களைப் போலவே, சிறுவன் சலீம் கையிலும் ஒரு விளையாட்டுக் காற்றுத் துப்பாக்கி இருந்தது. ஒருநாள் ஒரு குருவியைச் சுட்டுவிட்டான். எடுத்துப் பார்த்தால், தொண்டையில் மஞ்சளாக ஒரு கறை. வீட்டைச் சுற்றிப் பறக்கும் சாதாரணச் சிட்டுக்குருவிக்கு அது கிடையாதே?

மாமாவுக்கும் விடை தெரியவில்லை. பையனைப் பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்துக்கு அனுப்பிவைத்தார். சங்கத்தின் செயலாளர் மில்லார்ட் என்ற ஆங்கிலேயர், அது மஞ்சள் தொண்டைச் சிட்டு என்று விளக்கினார். விளக்கியதோடு நிற்கவில்லை. பாடம்செய்து வைத்திருந்த பறவைகள் நிறைந்த இழுப்பறைகளை ஒவ்வொன்றாகத் திறந்து காட்டினார்.

ஒரு பெரிய மனிதர் ஒரு சின்னப் பையனுக்காகச் செலவழித்த சில மணி நேரம் அது. சலீம் அலியின் பாதை அங்கேதான் திரும்பியது. பிற்காலத்தில் தன் வாழ்க்கை வரலாற்றை எழுதியபோது, அதன் தலைப்பிலேயே அந்தக் குருவியை அவர் நினைவுகூர்ந்தார்.

பட்டம் இல்லை, வேலையும் இல்லை

பாதை தெரிந்துவிட்டது என்பதற்காக எல்லாம் சுலபமாக நடந்துவிடவில்லை. இளம் வயதில் குடும்பத் தொழிலைக் கவனிக்க பர்மாவின் தவோய்க்குப் போனார். வணிகத்தைவிட அங்கிருந்த காடுதான் அவரை இழுத்தது. 1917-ல் பம்பாய் திரும்பிப் படிப்பைத் தொடர்ந்தார். 1918-ல் தெஹ்மினாவைத் திருமணம் செய்துகொண்டார்.

முறையான பட்டம் இல்லாததால் இந்திய விலங்கியல் ஆய்வுத் துறையில் வேலை கிடைக்கவில்லை. 1926-ல் பம்பாய் அரும்பொருளகத்தில் வழிகாட்டி விரிவுரையாளர் வேலை கிடைத்தது. அது போதாது என்று பட்டதால், 1928-ல் விடுப்பு எடுத்துக்கொண்டு ஜெர்மனிக்குப் போனார். பெர்லினில் எர்வின் ஸ்ட்ரெஸமான் என்ற பெரிய பறவையியல் அறிஞரிடம் பயின்றார். வட கடலில் இருக்கும் ஹெல்கோலாந்து தீவில் பறவைகளைப் பிடித்துக் காலில் வளையம் மாட்டும் முறையையும் கற்றுக்கொண்டார்.

1930-ல் ஊர் திரும்பினால், பழைய வேலையே இல்லை. நிதிப் பற்றாக்குறையால் பதவியை எடுத்துவிட்டார்கள்.

உங்களுக்கு அப்படி நடந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? சலீம் அலியும் தெஹ்மினாவும் பம்பாய்க்கு அருகில் கிஹிம் என்ற கடலோரக் கிராமத்துக்குக் குடிபோனார்கள். அங்கே தூக்கணாங்குருவிகள் கூடு கட்டுவதை அவர் நாள்கணக்கில் உட்கார்ந்து பார்த்தார். அதை வைத்து எழுதிய ஆய்வு, பறவையியல் உலகில் அவருக்கு ஒரு பெயரை வாங்கித் தந்தது.

பிறகு அவர் ஒரு யோசனையோடு சமஸ்தானங்களை அணுகினார். சம்பளம் வேண்டாம், பயணச் செலவை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், உங்கள் பகுதிப் பறவைகளைக் கணக்கெடுத்துத் தருகிறேன் என்பதுதான் அது. ஹைதராபாத், திருவிதாங்கூர், கொச்சி என ஊர் ஊராகக் கணவனும் மனைவியும் சேர்ந்தே சுற்றினார்கள்.

1939-ல் ஓர் அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு தெஹ்மினா இறந்துபோனார். சலீம் அலி அதற்குப் பின் மறுமணம் செய்துகொள்ளவில்லை. 1941-ல் இந்தியப் பறவைகள் பற்றிய அவருடைய கையேடு வெளிவந்தது. சாதாரண மக்களும் பறவைகளை அடையாளம் காணப் படங்களோடு வந்த புத்தகம் அது. அதன் ஒரு பிரதி நேருவிடமிருந்து மகள் இந்திராவுக்குப் போனது. பின்னாளில் அந்தத் தொடர்பு எவ்வளவு கைகொடுத்தது என்பதைக் கொஞ்ச நேரத்தில் பார்க்கலாம்.

சிங்கப்பூர் எங்கே வருகிறது?

டோபி காட் பக்கம் போயிருப்பீர்கள். அங்கே இருக்கும் கேத்தே கட்டடத்தையும் பார்த்திருப்பீர்கள். குளிர்சாதன வசதியோடு கேத்தே திரையரங்கு 1939-ல் திறந்தபோது சிங்கப்பூரே அண்ணாந்து பார்த்தது. அதன் உரிமையாளர் லோக் வான் தோ. திரைப்படத் தொழிலில் பெரும்புள்ளி. ஆனால் அவருடைய மனம் இருந்தது பறவைகளிடம்.

1942-ல் ஜப்பானியப் படை நெருங்கியபோது லோக் கப்பலில் சிங்கப்பூரை விட்டுத் தப்பினார். கப்பல் குண்டுவீச்சுக்கு உள்ளாகி, அவர் தீக்காயம் பட்டார். சில காலம் கண்பார்வையும் பாதிக்கப்பட்டது. கடைசியில் இந்தியா போய்ச் சேர்ந்தார். அங்கே அவருக்குக் கிடைத்த நண்பர் சலீம் அலி.

ஒருவர் பெரும் பணக்காரர். மற்றவர் பயணச் செலவுக்கே கணக்குப் பார்ப்பவர். இருவரும் சேர்ந்து இந்தியாவின் பல பகுதிகளில் பறவை தேடி அலைந்தார்கள். லோக் படம் எடுத்தார், சலீம் அலி குறிப்பு எடுத்தார். போர் முடிந்து சிங்கப்பூர் திரும்பிய பிறகும் லோக் அந்த ஆய்வுப் பயணங்களுக்குப் பண உதவி செய்தார். 1964-ல் தைவானில் நடந்த விமான விபத்தில் அவர் இறந்தார். அப்போது அவருக்கு 49 வயதுதான்.

ஆக, இந்தியப் பறவைகளைப் பற்றி இன்று நமக்குத் தெரிந்தவற்றில் சிங்கப்பூரின் பங்கும் கொஞ்சம் இருக்கிறது.

ஒரே நாளில் 4,273 பறவைகள்

இப்போது ராஜஸ்தானில் இருக்கும் பரத்பூருக்குப் போவோம். அங்கே கேவலாதேவ் என்ற ஆழமில்லாத ஈரநிலம் ஒன்று உண்டு. மன்னர் காலத்தில் அணை கட்டி, நீரைத் திருப்பி உருவாக்கியது. குளிர்காலத்தில் மத்திய ஆசியாவிலிருந்தும் சைபீரியாவிலிருந்தும் வாத்துகள் அங்கே கூட்டம் கூட்டமாக வரும்.

வருவது பறவைகள் மட்டுமில்லை. மன்னரின் விருந்தாளிகள் துப்பாக்கிகளோடு வருவார்கள். 1938 நவம்பர் 12-ல், பிரிட்டிஷ் அரசப் பிரதிநிதி லின்லித்கோ பிரபு கலந்துகொண்ட வேட்டையில், ஒரே நாளில் 4,273 பறவைகள் சுட்டுக் கொல்லப்பட்டன. அந்த எண்ணை அங்கே கல்லில் பொறித்தும் வைத்திருக்கிறார்கள். தற்செயலாக, அன்று சலீம் அலிக்கு 42-வது பிறந்தநாள்.

சலீம் அலியும் துப்பாக்கி தூக்கியவர்தான். அந்தக் காலத்தில் பறவைகளை ஆராய அவற்றைச் சுட்டு, பாடம்செய்து வைப்பார்கள். அதை அவர் மறைத்ததில்லை. ஆனால் ஆய்வுக்கு ஒன்றிரண்டு எடுப்பது வேறு, பொழுதுபோக்குக்கு ஆயிரக்கணக்கில் கொல்வது வேறு என்பதில் தெளிவாக இருந்தார்.

இந்தியா சுதந்திரம் பெற்றதும் கேவலாதேவுக்கு இன்னொரு ஆபத்து வந்தது. சதுப்புநிலத்தின் நீரை வடித்துப் பயிர் செய்ய வேண்டும் என்ற கோரிக்கை. பசியோடு இருந்த நாடு அது. கோரிக்கையில் நியாயமே இல்லை என்று சொல்லிவிட முடியாது.

சலீம் அலி நேரடியாகப் பிரதமர் நேருவை அணுகினார். அந்த நிலம் தப்பியது. 1956-ல் பறவைகள் சரணாலயமானது. 1981-ல், ஈரநிலங்களைக் காக்கும் ராம்சர் உடன்படிக்கையின் பட்டியலில் இந்தியாவிலிருந்து முதலில் இடம்பெற்ற இரண்டு இடங்களில் ஒன்றானது. 1985-ல் உலக மரபுடைமைத் தலமும் ஆனது.

ராம்சர் என்பது ஈரானில் இருக்கும் ஓர் ஊரின் பெயர். 1971 பிப்ரவரி 2-ல் பல நாடுகள் அங்கே கூடி, நீர்ப்பறவைகள் வாழும் ஈரநிலங்களைக் காக்க உடன்பட்டன. அதனால்தான் ஒவ்வோர் ஆண்டும் பிப்ரவரி 2 உலக ஈரநில நாள்.

வைரஸ், வளையம், கோடியக்கரை

1957-ல் இன்றைய கர்நாடகத்தின் ஷிமோகா பகுதிக் காடுகளில் குரங்குகள் செத்து விழுந்தன. மனிதர்களுக்கும் கடும் காய்ச்சல் வந்தது. கியாசனூர் காட்டு நோய் என்று பெயர் வைத்தார்கள். அந்த வைரஸ், ரஷ்யாவில் காணப்பட்ட ஒரு வைரஸுக்கு நெருங்கிய உறவு. உடனே ஒரு சந்தேகம் எழுந்தது. வலசைப் பறவைகள் அதைக் கொண்டுவந்திருக்குமோ?

விடை தெரிய வேண்டுமானால், எந்தப் பறவை எங்கிருந்து வருகிறது என்பது தெரிய வேண்டும். சலீம் அலி பல காலமாகக் காத்திருந்த வாய்ப்பு அது. உலகச் சுகாதார நிறுவனத்தின் உதவியோடு, பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கம் பறவைகளுக்கு வளையமிடும் பெரிய திட்டத்தைத் தொடங்கியது.

எப்படிச் செய்வார்கள்? மெல்லிய வலையில் பறவையைப் பிடிப்பார்கள். எடை பார்த்து, இறக்கையை அளந்து, எண் பொறித்த லேசான வளையத்தைக் காலில் மாட்டிப் பறக்க விட்டுவிடுவார்கள். பம்பாய் சங்கத்துக்குத் தகவல் தரும்படி வளையத்தில் எழுதியிருக்கும். வேறு எங்காவது யாராவது அதைப் பார்த்துத் தகவல் அனுப்பினால், இரண்டு ஊர்களுக்கிடையே ஒரு கோடு கிடைத்துவிடும்.

ஆயிரம் வளையம் போட்டால் சிலவற்றைப் பற்றித்தான் தகவல் வரும். பொறுமை வேண்டிய வேலை. ஆனாலும் கோடுகள் சேர்ந்தன. இந்தியாவில் வளையமிட்ட வாத்துகள் அன்றைய சோவியத் யூனியனில் கிடைத்தன. பனிப்போர் காலத்தில், அரசியல் எல்லைகளைத் தாண்டி அறிவியலாளர்கள் ஒருவருக்கொருவர் தகவல் அனுப்பிக்கொள்ள வேண்டியிருந்தது.

பறவைகளைப் பிடித்தது யார் தெரியுமா? பெரிய பல்கலைக்கழகக்காரர்கள் இல்லை. பீகாரைச் சேர்ந்த மீர்ஷிகார் என்ற பரம்பரைப் பறவை பிடிப்பாளர்களைச் சங்கம் வேலைக்கு எடுத்தது. எந்தப் பறவை எப்போது எங்கே இறங்கும், காயம் படாமல் எப்படிப் பிடிப்பது என்ற நுணுக்கமெல்லாம் அவர்கள் கையில் இருந்தது. விற்பதற்காகப் பறவை பிடித்தவர்களின் திறமை ஆய்வுக்குப் பயன்பட்டது.

வளையமிட்ட முக்கிய இடங்களில் ஒன்று கோடியக்கரை. பொன்னியின் செல்வன் படித்தவர்களுக்கும் படம் பார்த்தவர்களுக்கும் பூங்குழலியின் ஊர் என்று உடனே பிடிபடும். இன்று நாகப்பட்டினம் மாவட்டத்தில் இருக்கிறது. ஒரு காலத்தில் நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் கப்பல் வரும். உங்கள் தாத்தா பாட்டிகூட அதில் வந்திருக்கலாம்.

அந்தக் கரையில் உப்பளங்களும் சேற்றுப்படுகைகளும் கலந்து கிடக்கின்றன. பூநாரைகளும் உள்ளான்களும் ஆயிரக்கணக்கில் இறங்கும். 1967-ல் கோடியக்கரை சரணாலயமானது. 2002-ல் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. தமிழ்நாட்டிலிருந்து அந்தப் பட்டியலுக்குப் போன முதல் இடம் அதுதான்.

சரி, அந்த வைரஸ்? அதைப் பரப்புவது உண்ணிகள் என்பது உறுதியானது. வலசைப் பறவைகள் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்தன என்பது நிரூபணமாகவில்லை.

பணம் எங்கிருந்து வந்தது?

கூட்டுமுயற்சி என்றாலே எல்லாம் நல்லபடியாக இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். வளையமிடும் திட்டத்துக்கு ஒரு கட்டத்தில் அமெரிக்க ராணுவம் நடத்திய ஓர் ஆய்வுத் திட்டத்திலிருந்தும் பணம் வந்தது. மலேசியா, தாய்லந்து, ஜப்பான் எனப் பல ஆசிய நாடுகளில் நடந்த திட்டம் அது. பறவைகள் வழியாக நோய் பரவுமா என்பதுதான் அதன் கேள்வி.

1970-களில் இந்தியாவில் இது பெரிய சர்ச்சையானது. பறவைகளை வைத்து உயிரியல் போருக்கு ஒத்திகை பார்க்கிறார்களா என்று கேட்டார்கள். நாடாளுமன்றம் வரைக்கும் விவகாரம் போனது. சலீம் அலி குற்றச்சாட்டை மறுத்தார். தங்கள் வேலை பறவைகளின் பாதையைக் கண்டறிவது மட்டுமே என்பது அவர் நிலைப்பாடு.

அவருடைய நேர்மையைச் சந்தேகிக்கக் காரணம் இல்லை. தனக்குக் கிடைத்த கெட்டி விருதுத் தொகையைக்கூட இயற்கைப் பாதுகாப்பு நிதிக்குக் கொடுத்துவிட்டவர் அவர். ஆனாலும் கேள்வி கேட்டவர்கள் மீதும் தப்பில்லை. யார் பணம் தருகிறார்கள், திரட்டும் தகவல் யாருக்குப் போகிறது என்பது எந்தக் கூட்டுமுயற்சியிலும் எல்லாருக்கும் தெரிந்திருக்க வேண்டிய விஷயம்.

வேலி போட்டதும் என்ன நடந்தது?

இப்போது கொஞ்சம் சங்கடமான பகுதி. மறுபடியும் பரத்பூர்.

கேவலாதேவைச் சுற்றியிருந்த கிராமத்து மக்கள் தலைமுறை தலைமுறையாக அங்கே எருமைகளை மேய்த்துவந்தார்கள். மேய்ச்சல் பறவைகளைக் கெடுக்கும் என்பது அன்றைய பல அறிவியலாளர்களின் நம்பிக்கை. சலீம் அலியும் அப்படித்தான் நினைத்தார். கால்நடைகளை வெளியேற்ற வேண்டும் என்ற கருத்துக்கு அவருடைய ஆதரவு இருந்தது.

சரணாலயம் தேசியப் பூங்கா ஆனதும், 1982-ல் மேய்ச்சல் தடைசெய்யப்பட்டது. மாற்று ஏற்பாடு எதுவும் சரியாக இல்லாமலேயே வந்த தடை. மக்கள் எதிர்த்தார்கள். போலீஸ் துப்பாக்கிச்சூடு நடந்தது, கிராமத்தினர் உயிரிழந்தார்கள். பறவைகளைச் சுட்ட துப்பாக்கிச் சத்தம் அடங்கிய நிலத்தில், பறவைகளின் பெயரால் மனிதர்கள் சுடப்பட்டார்கள்.

அதன் பிறகு நடந்ததை யாரும் எதிர்பார்க்கவில்லை. எருமைகள் தின்றுகொண்டிருந்த ஒருவகைப் புல், தடைக்குப் பிறகு கட்டுக்கடங்காமல் வளர்ந்தது. திறந்த நீர்ப்பரப்பை அது அடைத்துக்கொண்டது. மீன் குறைந்தது. நீர்ப்பறவைகளுக்கு இறங்க இடம் இல்லை. எருமைகள் இருந்ததால்தான் அந்த ஈரநிலம் ஈரநிலமாக இருந்திருக்கிறது.

இதைக் கண்டுபிடித்தது யார்? சலீம் அலியின் சொந்த வீடு போன்ற பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கம். 1980-களில் அவர்கள் அங்கே நடத்திய நீண்ட ஆய்வு, தடை கெடுதல் செய்துவிட்டது என்று சொன்னது. தங்கள் மிகப் பெரிய ஆளுமையின் கருத்துக்கே எதிரான முடிவு என்று தெரிந்தும் அவர்கள் அதை மறைக்கவில்லை. ஆனால் முழு முடிவும் வெளிவந்தபோது சலீம் அலி உயிரோடு இல்லை.

பின்னர் கிராமத்தினரைப் புல் அறுத்துக்கொள்ள அனுமதித்தார்கள். உள்ளூர் சைக்கிள் ரிக்‌ஷா ஓட்டுநர்களுக்குப் பறவைகளைப் பற்றிப் பயிற்சி கொடுத்து வழிகாட்டிகளாக்கினார்கள். இன்று நீங்கள் பரத்பூர் போனால், ரிக்‌ஷாக்காரர்தான் பறவைகளின் பெயர் சொல்லிக் காட்டுவார். இழந்ததெல்லாம் திரும்பிவிட்டதா? இல்லை. அங்கே வந்துகொண்டிருந்த சைபீரியக் கொக்குகள் 2002-க்குப் பிறகு வரவே இல்லை. வழியில் வேட்டையும் வாழிட இழப்பும் அவற்றை அழித்துவிட்டதாகக் கருதப்படுகிறது. பரத்பூரை மட்டும் சரிசெய்தால் போதாது என்பதற்கு அது சாட்சி.

வேடந்தாங்கலுக்கு முன்பே தெரிந்தது

மக்களைச் சேர்த்துக்கொண்டால் என்ன ஆகும் என்று பார்க்க வெகுதூரம் போக வேண்டாம். சென்னைக்குத் தெற்கே வேடந்தாங்கல் இருக்கிறது. தங்கள் ஏரியில் பறவைகளைச் சுடக் கூடாது என்று அந்த ஊர் மக்களே முறையிட்டு, 1798-ல் கலெக்டர் லயனல் பிளேஸிடமிருந்து உத்தரவு வாங்கிவிட்டார்கள். ராம்சர் உடன்படிக்கைக்கு 170 வருஷத்துக்கும் முந்தைய கதை இது.

ஏன் அவ்வளவு அக்கறை? பறவைகளின் எச்சம் ஏரி நீரில் கலந்து, வயலுக்கு உரமாகப் போய்ச் சேரும். பறவை நன்றாக இருந்தால் விளைச்சலும் நன்றாக இருக்கும். காப்பாற்றுபவருக்கும் அதில் ஒரு பங்கு இருந்ததால், காவல் தொடர்ந்தது.

சிங்கப்பூர் என்ன செய்தது?

1986-ல், சலீம் அலி இறப்பதற்கு முந்தைய ஆண்டு, சிங்கப்பூரின் பறவை ஆர்வலர்கள் சிலர் வடமேற்கு ஓரத்தில் கைவிடப்பட்ட இறால் குளங்களில் கரைப்பறவைகள் குவிவதைக் கவனித்தார்கள். இடம் சுங்கை பூலோ. மலாயா இயற்கைச் சங்கத்தின் சிங்கப்பூர்க் கிளையைச் சேர்ந்தவர்கள் அவர்கள். அந்த இடத்தைக் காக்கும்படி அரசாங்கத்திடம் முன்மொழிந்தார்கள்.

நிலம் இவ்வளவு குறைவாக உள்ள நாட்டில் அது லேசான கோரிக்கை இல்லை. ஆனாலும் அரசாங்கம் கேட்டது. 1989-ல் 87 ஹெக்டர் இடம் இயற்கைப் பூங்காவாக ஒதுக்கப்பட்டது. அதைத் திட்டமிட பிரிட்டனின் நீர்ப்பறவை, ஈரநில அறக்கட்டளையின் ஆலோசனையும் கிடைத்தது. 1993 டிசம்பர் 6-ல் அன்றைய பிரதமர் கோ சோக் தோங் பூங்காவைத் திறந்துவைத்தார். 2002-ல் அது சட்டப்படி பாதுகாக்கப்பட்ட வனப்பகுதியானது.

அங்கே ஒரு விஷயத்தைக் கவனித்துப் பாருங்கள். பழைய இறால் குளங்களின் மதகுகளை எடுத்துவிடவில்லை. கடல் பொங்கும் நேரத்தில் வெளியே இருக்கும் சேற்றுப்படுகைகள் மூழ்கிவிடும். அப்போது பறவைகள் நிற்க இடம் வேண்டுமே? மதகுகளைக் கொண்டு குளத்து நீரைக் குறைத்து வைக்கிறார்கள். பரத்பூரில் எருமைகள் செய்த வேலையை இங்கே மதகுகள் செய்கின்றன. இரண்டு இடத்திலும், மனிதரை முழுக்க வெளியே அனுப்பிவிட்டால் பறவைகளுக்கும் இடம் இருக்காது.

கடல் வற்றியதும் பல பறவைகள் மண்டாய் சேற்றுப்படுகைக்குப் போய் இரை தேடும். சுங்கை பூலோ படுக்கையறை என்றால், மண்டாய் சாப்பாட்டு அறை. ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு இன்னொன்றை இடிக்க முடியாது. அதனால்தான் மண்டாய் சதுப்புநிலமும் இயற்கைப் பூங்காவாகும் என்று 2018-ல் அறிவிக்கப்பட்டது.

சிங்கப்பூருக்கு வெளியே? 2006-ல் கிழக்காசிய-ஆஸ்திரலேசியப் பறவைப் பாதைப் பங்காளித்துவம் தொடங்கியது. ரஷ்யா, அலாஸ்காவிலிருந்து ஆஸ்திரேலியா, நியூசிலந்து வரை நீளும் பாதை அது. 22 நாடுகளைத் தொட்டுச் செல்கிறது. 50 மில்லியனுக்கும் அதிகமான நீர்ப்பறவைகள் அதைப் பயன்படுத்துகின்றன. அரசாங்கங்கள், தொண்டூழிய அமைப்புகள், அனைத்துலக அமைப்புகள் எல்லாம் அதில் பங்காளிகள். சிங்கப்பூரும் தொடக்கத்திலிருந்தே இருக்கிறது.

இமயமலையைத் தாண்டிய கோடு

இந்தியாவுக்கு வரும் பறவைகள் பெரும்பாலும் மத்திய ஆசியப் பாதையில் வருபவை. நமக்கு வருபவை கிழக்காசியப் பாதை. வரைபடத்தில் இரண்டும் தனித்தனி. பறவைகளும் அப்படித்தான் பிரிந்து பறக்கின்றனவா?

தேசியப் பூங்காக் கழகத்தின் ஆய்வாளர்கள், வளையத்துக்குப் பதிலாகச் சிறு கண்காணிப்புக் கருவிகளை இங்கே சில கரைப்பறவைகளுக்குப் பொருத்தினார்கள். 2020-ல் முடிவு வெளியானது. சிங்கப்பூரில் குளிர்காலத்தைக் கழித்த சில ரெட்ஷாங்க், விம்பிரல் பறவைகள் இமயமலைத் தொடரைத் தாண்டிப் பறந்து போயிருந்தன. இரண்டு பாதைகளும் நாம் நினைத்ததைவிட நெருக்கமாகப் பின்னிக்கிடக்கின்றன.

ஹெல்கோலாந்தில் ஒரு வளையத்தைக் கையில் பிடித்துப் பார்த்த சலீம் அலிக்கு இந்த வரைபடத்தைக் காட்ட முடிந்திருந்தால், அவர் எவ்வளவு நேரம் அதைவிட்டு நகராமல் உட்கார்ந்திருப்பாரோ!

1985-ல் அவர் இந்திய நாடாளுமன்ற மேலவைக்கு நியமிக்கப்பட்டார். 1987-ல், 90 வயதில் காலமானார். 1990-ல் கோயம்புத்தூரில் அவர் பெயரில் ஒரு பறவையியல் ஆய்வு மையம் அமைந்தது. பட்டம் இல்லை என்று வேலை மறுக்கப்பட்டவரின் பெயரில், இன்று மாணவர்கள் ஆய்வுப் பட்டம் பெறுகிறார்கள்.

நீங்கள் என்ன செய்யலாம்?

சுங்கை பூலோவுக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள். கடல் பொங்கும் நேரத்தைப் பார்த்துக்கொண்டு போனால், பறவைகள் குளங்களில் நெருங்கி நிற்கும். சத்தம் போடாதீர்கள். ஓய்வெடுக்கும் பறவையை ஒருமுறை பறக்கவிட்டால்கூட, அது சேர்த்துவைத்த கொழுப்பில் கொஞ்சம் போய்விடும்.

காலில் வளையமோ வண்ணப் பட்டையோ தெரிந்தால், ஒரு படம் எடுத்து, நாள், நேரம், இடத்தோடு தேசியப் பூங்காக் கழகத்துக்குத் தெரிவியுங்கள். கணக்கெடுப்பில் உதவ விருப்பம் இருந்தால் தொண்டூழியராகச் சேரலாம்.

வீட்டில் யாருக்காவது நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் சொந்த ஊராக இருந்தால், கோடியக்கரைப் பறவைகளைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். உப்பளத்தில் வேலை பார்த்தவர்களும் கடலுக்குப் போனவர்களும் பார்த்திருப்பார்கள். அவர்களிடம் கேட்காமல் போட்ட வேலிகள் என்ன செய்தன என்பதைத்தான் பரத்பூரில் பார்த்தோமே.